தண்டல் எவ்வளவு ஓடுது?

வடசென்னை வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்துகொடுப்பது என் தொழில். வியாபாரம் படுத்த காலங்களில்தான் என்னைத் தேடி ஆள் அதிகம் வரும். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி, 2019இல் வாகனத் தொழில் சரிவு, அது தெளிவதற்குள் கொரோனா. ஒவ்வொரு முறையும் வந்தவர்களின் தொழில் வேறு, கேட்டது மட்டும் ஒன்றுதான்: "சார், எங்கேயாவது ஒரு லோன் கிடைக்குமா?" பதிலுக்கு நான் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: "தண்டல் எவ்வளவு ஓடுது?"

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தண்டல் என்பது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்கும் தனியார் கடன். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வரும்.

இதற்காகத் தண்டல்காரரைத் திட்ட மாட்டேன். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கும் அக்காவுக்கு அந்த நேரத்தில் ரொக்கம் வேண்டும். எந்த வங்கி அப்போது திறந்திருக்கும்? எடுத்த மீனை அன்றைக்கே விற்றுவிடுவார். அப்படி நாளுக்கு நாள் சுற்றுகிற பணம் அந்த வட்டியைத் தாங்கும். விற்காத சரக்குக்கும் வராத பில்லுக்கும் தண்டல் வாங்கினால்தான் ஆபத்து. ஒன்றை அடைக்க இன்னொன்று என்று தண்டல் அட்டைகள் சேர்ந்துவிட்டால், கடை லாபத்தில் நடந்தாலும் கல்லாவில் காசு நிற்காது.

2020 மே மாதம் மத்திய அரசு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை, அடமானம் இல்லாமல், முதல் ஓராண்டு அசல் கட்டாமல் அப்போது வாங்க முடிந்தது. திருவொற்றியூர் பக்கம் வங்கிக் கணக்கில் ஓ.டி. (இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட் கடன்) வைத்திருந்த சில பட்டறைகள் அதில்தான் மூச்சுவிட்டன. தண்டலிலும் நகை அடகிலுமே ஓட்டியவர்களுக்கு வங்கி நிலுவை ஏது? பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தான். நடைபாதைக் கடைக்காரர்களுக்கு அடுத்த மாதமே 10,000 ரூபாய்க் கடன் திட்டம் தனியாக வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். "பேங்க் வாசப்படியே மிதிச்சதில்ல சார்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. கடன் தேவைப்படாத நல்ல காலத்தில்தான் வங்கி கடன் தரும். அப்போதே சின்னதாக ஒரு ஓ.டி. வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, புதுக் கடன் கிடைக்கவில்லை. அப்புறம் என்ன? வெளியே நிற்கும் பணம்தான். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், மாதக்கணக்கில் பில் வராமல் தவித்தார். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. ஆன்லைனில் புகார் செய்யவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் சொன்னதும் அவர் சிரித்தார். "கம்ப்ளைன்ட் குடுத்தா அடுத்த ஆர்டரை நீங்களா சார் தருவீங்க?" நியாயமான கேள்வி. ஒரே வாடிக்கையாளரை நம்பி ஓடும் பட்டறைக்கு அந்தச் சட்டம், உறவை முறித்துக்கொள்ளத் துணிந்த பிறகுதான் பயன்படும்.

ஆகவே வேறு வழியில் போனோம். ஆர்டர் தருகிற அதிகாரியை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் பில் எங்கே நிற்கிறது என்று விசாரித்தோம். சில பில்களில் ஆர்டர் எண் தப்பு. மற்றவற்றில் சிக்கல் வேறு: இவர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடாததால் அவர்களுக்கு உள்ளீட்டு வரி (வாங்கியதில் கொடுத்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) காட்டவில்லை, அதனால் நிறுத்தி வைத்திருந்தார்கள். இவர் ஏன் போடவில்லை? பணம் வராவிட்டாலும் பில் போட்டதற்கு வரி கட்டியாக வேண்டும், கட்டக் காசில்லை. பணம் வராததால் ரிட்டர்ன் இல்லை, ரிட்டர்ன் இல்லாததால் பணம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத் தேவைப்பட்ட தொகை அவர் வாங்கத் தயாராக இருந்த கடனில் சிறு பங்குதான். பழைய பித்தளைச் சுருளையும் ஓடாத ஒரு ஷேப்பிங் மெஷினையும் எடைக்குப் போட்டு அதைக் கட்டினார்.

உத்யம், அதாவது மத்திய அரசின் சிறு தொழில் பதிவு, இல்லாதவர்கள் இந்த 45 நாள் சட்டத்தைப் பேசவே முடியாது. அந்தப் பதிவு இலவசம், அதற்கும் காசு வாங்குகிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு உத்யம் எண் கிடைத்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது.

வங்கித் தவணை தட்டுகிறவர்கள் செய்யும் முதல் காரியம், மேனேஜரின் போனை எடுக்காமல் விடுவது. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், பிறகு பேச்சுக்கு இடம் குறைவு. அதற்கு முன்னாலேயே, நெருக்கடி இருக்கிறது, தவணையை மாற்றித் தாருங்கள் என்று சிறு தொழில் நடத்துபவரே எழுதிக் கேட்கலாம். ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சிலேயே இதற்கு வழிமுறை வகுத்திருக்கிறது. எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள் என்பேன். வாயால் சொன்னதை மேனேஜர் மாறினால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

எல்லாக் கடையையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. எம்.சி. ரோடு பக்கத்தில் ரெடிமேட் கடை வைத்திருந்த ஒரு பாய், கொரோனாவில் வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தார். பத்து மாத அட்வான்ஸ், மாதாமாதம் கரைகிறது. பாதி மிச்சமிருக்கும்போதே காலி செய்யுங்கள் பாய் என்றேன். இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. அப்புறம் அவரே வந்தார். சரக்கை அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்டு, மிச்ச அட்வான்ஸில் பையன்கள் சம்பளத்தையும் மொத்த வியாபாரி பாக்கியையும் தீர்த்தார். பாக்கி வைக்காமல் மூடியதால், கொருக்குப்பேட்டை வீட்டில் மெஷின் போட்டு நைட்டி தைக்கத் தொடங்கியபோது அதே மொத்த வியாபாரி துணியைக் கடனுக்குக் கொடுத்தார்.

கடையை மூடுகிறவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்த மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன், அதாவது ஜிஎஸ்டிஆர்-10, போட வேண்டும். போர்டைக் கழற்றியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டு, நோட்டீஸும் கையுமாக வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.