பதினொன்றில் தடுமாறும் கை: ஒரு நாள் சிபிஆர் பயிற்சி

முதலுதவி வகுப்பு என்றதும் கட்டுப் போடச் சொல்லித் தருவார்கள் என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் தரையில் பாய், பாயின்மேல் இடுப்புவரை மட்டுமே உள்ள ரப்பர் பொம்மைகள். இதயம் நின்றவரின் மார்பை அழுத்தியும் வாய்வழி மூச்சு ஊதியும் காப்பாற்றப் பார்க்கும் சிபிஆர் முறையைப் பழக, மாலைவரை அவற்றின் பக்கத்தில் முட்டி போட வேண்டியிருக்கும். மடித்து உட்காரத் தோதான உடையில் வருவது நல்லது.

அழுத்துவதற்கு முன்பு பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். இரண்டு தோளையும் தட்டி, "ஐயா, கேக்குதா? கண்ணைத் திறங்க!" என்று உரக்கக் கேட்க வேண்டும். அசைவில்லையென்றால் "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தக் கூடாது, கூட்டத்தில் எல்லோரும் அடுத்தவர் செய்வார் என்று நிற்பார்கள். ஒருவரைக் கை காட்டி, "நீலச் சட்டை தம்பி, 108-க்கு நீ பேசு" என்று சொல்ல வேண்டும். தனியாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுப் போனைத் தரையில் வைத்துவிடலாம்.

அடுத்து மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க அதிகபட்சம் 10 நொடி. பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இதயம் நின்ற பிறகும் சற்று நேரம் வாய் திறந்து மூடும், குறட்டை போலவோ விக்கல் போலவோ இழுத்து இழுத்துச் சத்தம் வரும். "மூச்சு இருக்கே" என்று முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைப்பதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விடும். நினைவில்லாமல், சீரான மூச்சும் இல்லாவிட்டால் உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் நாடி தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பதற்றத்தில் தன் விரலின் துடிப்பே அவருடையதாகத் தெரியும்.

கட்டிலில் கிடந்தால் தரையில் இறக்கிவிட வேண்டும், மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடக்காமல், தோள் நேர் மேலே வரும்படி குனிந்து அழுத்துங்கள். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சரியான ஆழம் போனால் பல பொம்மைகளில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் முறை அந்தச் சத்தம் வராதவர்கள்தான் அதிகம். கை வலிமையால் அழுத்தப் பார்க்கிறார்கள், அழுத்த வேண்டியது இடுப்பிலிருந்து முன்சாயும் உடல் எடை.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒன்று, இரண்டு என்று பத்துவரை கையும் வாயும் சேர்ந்தே ஓடும். 'பதினொன்று' வந்ததும் சொல் நீள்கிறது, கை அதற்காகக் காத்திருக்கிறது. 'இருபத்தேழு' வரும்போது வேகம் நன்றாகவே குறைந்திருக்கும். 30 அழுத்தம் 15 முதல் 18 நொடிக்குள் முடிய வேண்டும். அதனால் ஒன்றிலிருந்து பத்துவரை மூன்று தடவை எண்ணச் சொல்கிறோம். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்கு வேகம் சரியாகிவிடுகிறது.

இன்னொரு தவறு வெளியே தெரியாது. அழுத்திய பிறகு கையை மார்பிலிருந்து எடுக்காமல், ஆனால் எடையை முழுதாக விட வேண்டும். மார்பு மேலெழும்பும்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறைகிறது. களைத்தவர்கள் அறியாமலே பொம்மைமீது சாய்ந்துவிடுகிறார்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நிஜ மனிதரில் விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கலாம். கையின் இடத்தைச் சரிபார்த்துவிட்டு நிறுத்தாமல் தொடருங்கள், எலும்பு பிறகு கூடிக்கொள்ளும்.

30 அழுத்தத்துக்குப் பிறகு இரண்டு மூச்சு. நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, ஒரு நொடி ஊத வேண்டும். பொம்மையின் மார்பு உயரவில்லையென்றால் தலை போதிய அளவு சாயவில்லை, அல்லது மூக்கு வழியே காற்று போகிறது. பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். வாயில் வாய் வைக்கத் தயக்கமா, அழுத்தத்தை மட்டும் விடாமல் செய்யுங்கள். ஆனால் நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு மிக முக்கியம். மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவே கூடாது.

பெண்கள்மேல் கை வைக்கத் தயங்குவதையும் வகுப்பில் வெளிப்படையாகவே பேசுகிறோம். ரவிக்கையோடு அழுத்தலாம், தாலிச் சங்கிலியை ஓரமாகத் தள்ளினால் போதும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் ஏஇடி கருவி வந்தால் மட்டும் மார்பில் துணி இருக்கக் கூடாது. கருவியின் ஒட்டும் பட்டைகளில் ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கம். ஈரமிருந்தால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஷாக் கொடுக்கும்போது யாரும் தொடக் கூடாது. கொடுத்த மறு நொடியே அழுத்தத்தைத் தொடர வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு வீட்டு விபத்துகள். தொண்டையில் அடைத்து இருமவோ பேசவோ முடியாதவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி. போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து அமுக்கு. கர்ப்பிணிக்கு வயிற்றில் வேண்டாம், மார்பில். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பில் ஐந்து அமுக்கு. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

வலிப்பில் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், பல்லிடுக்கில் கரண்டி வைக்கவும் வேண்டாம். தலைக்கடியில் ஒரு துணி, நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, கடிகாரத்தில் கண், அவ்வளவே. 5 நிமிடம் தாண்டினால் 108. கொதி எண்ணெய் பட்டால் பேனா மை, பற்பசை, மஞ்சள், இட்லி மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். அதற்கிடையிலேயே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். விரல் வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

சான்றிதழ் பெரும்பாலும் இரண்டு ஆண்டு செல்லும், கை அதற்கு வெகு முன்பே மறந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை கெட்டியான தலையணையைத் தரையில் போட்டு, கடிகாரம் வைத்து, 2 நிமிடம் முழுக்க அழுத்திப் பாருங்கள். கூடவே வீட்டிலுள்ள குழந்தையை 108-க்கு முகவரி சொல்வதுபோல் சொல்லவிடுங்கள்: கதவு எண், தெரு, ஊர், பக்கத்தில் எந்தக் கோயில், எந்தத் தண்ணீர்த் தொட்டி.