தரங்கம்பாடியில் ஒரு சனிக்கிழமை நடை

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டேனிஷ் கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, வந்த காரிலேயே திருக்கடையூருக்கோ காரைக்காலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். ஊரின் ருசி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. வண்டியை ஊர் வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடந்தால், விறுவிறுவென்று நடப்பவருக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்த ஒரே தெரு, நின்று பார்க்கிறவருக்கு ஒரு முற்பகலையே எடுத்துக்கொள்ளும்.

வெயில் ஏறுவதற்கு முன்பே அங்கே போய்விட்டேன். 1792-இல் டென்மார்க் நாட்டவரான டேனியர்கள் திரும்பக் கட்டிய ஊர் வாயில் வெள்ளைப் பூச்சுடன் நிற்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்த மதிலில் பெரும்பகுதி இன்று இல்லை. தடுக்க வேண்டியது எதுவுமில்லாத அந்த வாயிலுக்குள் மோட்டார் சைக்கிள்கள் அலட்சியமாகப் புகுந்து போகின்றன.

உள்ளே கிங்ஸ் தெருவில் நான் அதிக நேரம் நின்றது புது எருசலேம் ஆலயத்தில்தான். 1706-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியாரான சீகன்பால்கு தமிழ் கற்று, ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறியை வரவழைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1718-இல் எழுந்த இந்தக் கோயிலில்தான், அடுத்த ஆண்டே, 36 வயதில் மறைந்த அவரை அடக்கம் செய்தார்கள். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன பெயரை அவருடைய கல்லறையருகே நின்று படிப்பது வேறு விதமான அனுபவம். சற்றுத் தள்ளியிருக்கும் சீயோன் ஆலயம் இதற்கும் மூத்தது, 1701-இல் கட்டப்பட்டது.

தெருவின் பழைய வீடுகளைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். சீரமைக்கப்பட்டவை வெள்ளையும் மஞ்சளுமாகப் பளிச்சென்று நிற்கின்றன. எனக்கென்னவோ, சீரமைப்புக்குக் காத்திருக்கும் வீடுகளே பிடித்திருந்தன. ஒரு வீட்டின் பருத்த தூணில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து, உள்ளே விரல் பருமனே உள்ள சப்பட்டைச் செங்கற்கள் வரிவரியாகத் தெரிந்தன. அவற்றுக்கிடையே வேர்விட்ட அரசங்கன்று ஒன்று இரண்டு இலைகளோடு நின்றது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சுவரைப் பிளக்கப்போவதும் அதுதான்.

இந்த ஊர் இப்படியே தங்கிவிட்டதற்குக் காரணம், அதன் வீழ்ச்சிதான் என்று நினைக்கிறேன். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் கோட்டை கட்டத் தொடங்கிய டேனியர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தபின் வணிகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பணம் புழங்கியிருந்தால் இந்த வீடுகளை என்றைக்கோ இடித்து மாடி கட்டியிருப்பார்கள்.

கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருமுறை சுற்றி வந்தால் போதும். அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே நடந்து மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போவதைத்தான் தவறவிடக்கூடாது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த இக்கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. 2004 சுனாமியும் இந்தக் கரையைத் தாக்கிச் சென்றது. இப்போது கொட்டி வைத்திருக்கும் பாறைகளின்மீது அலை மோதும்போது சாரல் முகத்தில் படுகிறது. அந்தப் பாறைகளில் ஏறி நிற்கும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது, பாசி வழுக்குகிறது. கடற்கரையில் நிழல் குறைவு என்பதால், பதினொரு மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது உத்தமம். அதன்பின் பொறையாறு வரை போய்ப் பஸ் பிடித்தால் மயிலாடுதுறை எளிதாகத் திரும்பிவிடலாம்.