லண்டன் சொத்தும் கிருஷ்ணகிரி வாரிசும்: கணவர் தொடாத வரிவரம்பு வீணாக வேண்டாம்

இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவர் சொத்துக்கான வரி, 1985-லேயே ஒழிந்துவிட்டது. அதனால் பிரிட்டனில் இருக்கும் பெரியப்பா இறந்தாலும், தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். அங்கே 3,25,000 பவுண்டைத் தாண்டும் சொத்துக்கு 40 சதவீதம் வாரிசு வரி உண்டு.

கணவர் எல்லாவற்றையும் மனைவிக்கே எழுதிவைத்தால், பொதுவாக வரி கிடையாது. அவருடைய 3,25,000 வரம்பும் தொடப்படாமல் நிற்கும். பின்னாளில் மனைவி இறக்கும்போது அதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தானாகச் சேராது, கேட்டு வாங்க வேண்டும். முதல் மரணத்தின்போது செய்ய வேண்டியது காகிதங்களைப் பத்திரப்படுத்துவது மட்டுமே.

பலரும் சறுக்கும் இடம் கணக்கு. மனைவிக்கு வருவது மிச்சமிருந்த பவுண்டு இல்லை, மிச்சமிருந்த சதவீதம். கணவர் 2008 ஜூனில் இறந்தார் என்று வையுங்கள். அன்றைய வரம்பு 3,12,000. காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு 78,000 கொடுத்துவிட்டு மீதியை மனைவிக்கு விட்டார். செலவானது 25 சதவீதம், மிச்சம் 75. மனைவி இன்று இறந்தால் இன்றைய வரம்பில் 75 சதவீதம், அதாவது 2,43,750 கூடும், மொத்தம் 5,68,750. பழைய கணக்கில் 2,34,000 மட்டும் கேட்டால் 9,750 போச்சு, வரியாக 3,900 பவுண்டு வீண்.

குடியிருந்த வீடு பிள்ளை, பேரப்பிள்ளைகளுக்குப் போனால் தனியாக 1,75,000 வரை உண்டு. அதிலும் மிச்சம் துணைக்கு மாறும். முதல் மரணம் இந்தச் சலுகை வந்த 2017 ஏப்ரலுக்கு முந்தையது என்றாலும் சரி. தம்பி மகனுக்கு எழுதினால் இது கிடையாது. சொத்து 20 லட்சம் பவுண்டைத் தாண்டினால் இந்தச் சலுகை கரையத் தொடங்கும்.

மனைவி பர்கூரிலேயே இருந்து, கணவர் மட்டும் அங்கே பல்லாண்டு வாழ்ந்த குடும்பங்களுக்குத்தான் பெரிய சிக்கல். கடந்த 20 வரியாண்டுகளில் 10 ஆண்டு அங்கே வசித்தவர் நீண்டகால வாசி. கணவர் அப்படி, மனைவி அப்படியில்லை என்றால் மனைவிக்கான விலக்கு 3,25,000-த்தோடு நிற்கும். கணவர் 8,00,000 பவுண்டை மனைவிக்கு விட்டுச்சென்றால் விலக்கும் வரம்பும் சேர்ந்து 6,50,000 போக, மீதிக்கு 60,000 பவுண்டு வரி. வரம்பு முழுதும் தீர்ந்ததால் மனைவிக்கு மாற்ற எதுவும் இல்லை. மரணத்திலிருந்து 2 ஆண்டுக்குள், தன்னையும் நீண்டகால வாசியாகக் கருதும்படி மனைவி எழுதிக்கொடுக்கலாம். அப்போது விலக்குக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் மனைவியின் மாந்தோப்பும் நகையும் அந்த வரி வலைக்குள் வரக்கூடும். கணக்குப் போடாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வரம்பை மாற்ற ஐ.எச்.டி. (IHT, வாரிசு வரி) 402 படிவம், வீட்டுச் சலுகைக்கு 435, அதை மாற்ற 436. இரண்டாவது மரணம் நடந்த மாதக் கடைசியிலிருந்து 2 ஆண்டு அவகாசம். வரி கட்டுவதற்கோ ஆறாவது மாதக் கடைசிதான், பிறகு வட்டி ஓடும்.

முதலில் இறந்தவரின் இறப்புச் சான்றிதழ், உயில், புரொபேட் (உயிலை நீதிமன்றம் உறுதிசெய்யும் ஆணை) நகல், திருமணச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகையும் போட்டோ ஆல்பமும் போதாது. பதிவு செய்யாத தம்பதிகள் இருவரும் இருக்கும்போதே பதிந்துவிடுவது நல்லது. இங்கே இனிஷியலோடு ஒரு பெயர், அங்கே பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஒட்டிய இன்னொரு பெயர் என்று இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரமும், தமிழ்ச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்புங்கள்.