பாட்டியின் கைச்சூடும் ஆறு பாட்டில் இட்லி மாவும்

மகள் இந்த ஆண்டு உயர்நிலை 1. அறிவியல் பாடத்தில் எடுத்த எடுப்பிலேயே அறிவியல் முறை வந்துவிடுகிறது. கவனி, கேள்வி கேள், கருதுகோள் சொல், சோதி, பதிவு செய், முடிவுக்கு வா. ஒரு சனிக்கிழமை அவளும் தோழிகள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்தபோது, நியாயமான சோதனை என்றால் என்ன என்று சும்மா கேட்டு வைத்தேன். ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைக்க வேண்டும் என்று மூன்று பேரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். தொடக்கப்பள்ளி முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்வு எழுதி வந்த பிள்ளைகள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரி வரும். சரி, ஏன் அப்படி வைக்க வேண்டும் என்றேன். சத்தமே இல்லை. கடைசியில், "அப்படி எழுதினாத்தான் மார்க், அங்கிள்" என்றாள் ஒருத்தி. குறை சொல்ல முடியாத பதில்!

அந்த நேரம் பார்த்து அம்மா அடுக்களையில் இட்லி மாவுக்கு உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார். கையால்தான் கரைப்பார். கரண்டி போட்டால் மாவு பொங்காது, கைச்சூடு படவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். "எனக்கு அதுல நம்பிக்கை இல்ல பாட்டி" என்று மகள் வாயைவிட, அப்படியென்றால் சோதித்துப் பார், பாட்டி சொல்வதுதான் உன் கருதுகோள் என்றேன். "கோளா? யாரு யார்கிட்ட கோள் மூட்டினது?" என்று அம்மா கரண்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

முதல் வாரச் சோதனை சொதப்பல். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கையாலும் ஒன்றைக் கரண்டியாலும் கலக்கியதுவரை சரி. ஆனால் பாட்டி நைசாகக் கையை விட்டுவிடுவார் என்ற பயத்தில் கரண்டி மாவை மகள் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அங்கே இரவு முழுக்க ஏர்கான். காலையில் அடுக்களை மாவு பொங்கி வழிய, அறை மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. அம்மா வெற்றிச் சிரிப்போடு இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவினார். நான் வாயே திறக்கவில்லை. மகள்தான் இரண்டாவது இட்லியில் நிமிர்ந்து பார்த்தாள். "பா, ரெண்டு விஷயம் மாறியிருக்கு."

இந்த இடத்துக்குப் பிள்ளை தானாக வந்து சேர்ந்தால்தான் உண்டு. பாடப்புத்தகம் இதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, அதனாலேயே அது காதில் விழுவதில்லை என்பது என் எண்ணம்.

அன்று மாலை ஜேம்ஸ் லிண்ட் கதையைச் சொன்னேன். 1747-இல் ஆங்கிலேயக் கடற்படைக் கப்பலில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார் அந்த மருத்துவர். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம், மருந்து மட்டும் வேறு வேறு. ஒரு சோடிக்கு வினிகர், ஒரு சோடிக்குக் கடல்நீர், ஒரு சோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், இப்படி ஆறு வகை. பழம் தின்ற இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார், மற்றவரும் நன்றாகத் தேறினார். பிள்ளைகளுக்கோ கடல்நீர் குடித்த இரண்டு பேர்மேல்தான் இரக்கம். இதை லிண்ட் 1753-இல் புத்தகமாகவே போட்டும், கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795-இல்தான். "42 வருஷமா?" என்றாள் மகள். அம்மாவை மாற்ற எனக்கு அவ்வளவு நாள் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரே அளவுக் கண்ணாடி பாட்டில்கள் ஆறு. மூன்றில் கை மாவு, மூன்றில் கரண்டி மாவு, உப்பு ஒரே அளவு, எல்லாமே அடுக்களையில். இரவு பத்து மணிக்கு ஒவ்வொன்றிலும் 5 செமீ உயரத்துக்கு மாவு, வெளியே டேப் ஒட்டிக் கோடு. காலை ஆறு மணிக்கு மகளே எழுந்து அளந்தாள், பள்ளி நாளில் எழுப்புவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்! கை மாவு 9.2, 9.0, 9.4. கரண்டி மாவு 9.1, 9.3, 9.0.

அந்தக் கடைசி 9.0-வின் கீழே தாள் கசங்கியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அழிரப்பருக்கு அடியில் 7.0 தெரிந்தது. ஏன் அழித்தாய் என்றதற்கு, "அது தப்பா வந்திருச்சு பா" என்றாள். அளந்தது தப்பா என்றேன். இல்லை, இரண்டு தடவை அளந்தாளாம். அப்புறம் எப்படி அது தப்பு? பதில் தெரிந்த சோதனையை மட்டுமே செய்து பழகிய பிள்ளைக்கு, ஒத்துவராத எண் என்றால் தன் குற்றம். திட்டவில்லை. 7.0-ஐ மறுபடி எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொன்னேன்.

அந்த ஒரு பாட்டிலை விட்டுப் பார்த்தால் கைக்கும் கரண்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. பொங்க வைக்கும் பாக்டீரியா, லியூகோனோஸ்டாக் என்ற வகை அதில் முக்கியமானது, உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகிறது. அது விடும் கரியமில வாயுவை உளுந்தின் பிசுபிசுப்பு பிடித்து வைத்துக்கொள்ள, மாவு உயர்கிறது. சூடு வேண்டும் என்று அம்மா சொன்னதும் பொய்யில்லை, ஏர்கான் அறையில்தான் பார்த்தோமே. வேண்டியது அறையின் சூடு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தோசைக்கல்லைக் காயவைத்த அம்மா, "அந்த ஆறாவது பாட்டிலை மேடையில இடமில்லன்னு சன்னலோரம்ல வச்சா? ராத்திரி மழை அடிச்சுதே" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். மகள் நோட்டை எடுத்து, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் "சன்னல்" என்று எழுதி, கீழே பாட்டி பெயரையும் எழுதிக்கொண்டாள். வரும் சனிக்கிழமை மூன்று பாட்டில் மேடையில், மூன்று சன்னலோரம். தெர்மாமீட்டர் வாங்க வேண்டும். இந்தத் தடவை கலக்குவது முழுக்கக் கையால்தான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.