அடைத்துக் கிடந்த வென்டிலேட்டர்களைத் திறக்கும் வேலை: இதுவரை

பெங்களூரு ஃபிரேசர் டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீடு என் மனைவியின் தாத்தா வாங்கியது. மர உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் சுண்ணாம்புக் காரைச் சுவர்களும் 14 அடி உயர அறைகளும் கொண்ட அந்த வீட்டில், கதவுகளுக்கு மேலே நிலையோடு சேர்த்து, நடுவில் சுழலும் கண்ணாடி வென்டிலேட்டர்கள் 7 இருக்கின்றன. வேலையைத் தொடங்கும்போது அவற்றில் ஒன்றுகூடத் திறக்கும் நிலையில் இல்லை. ஏசி பொருத்திய காலத்தில் மூன்றின் மீது பிளைவுட் அடித்துவிட்டார்கள்; மற்ற நான்கும் பல தலைமுறைகளாகப் பூசப்பட்ட எனாமல் பெயின்டில் நிலையோடு இறுகிப் போயிருந்தன. அவற்றைப் பார்வைக்கு அழகாக்குவதோடு நிறுத்தாமல், மறுபடியும் கயிறு இழுத்தால் திறக்கும்படி செய்ய வேண்டும் என்பதே தொடக்கத்திலிருந்து என் எண்ணம்.

1898-ல் பெங்களூருவைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகுதான் பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற விரிவாக்கங்கள் வேகமாக வளர்ந்தன. கண்டோன்மென்ட் பகுதியில் ஃபிரேசர் டவுனும் அந்த அச்சத்தின் விளைவாகவே திட்டமிடப்பட்டது. காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வருவது அன்றைக்கு உடல்நலத்தைப் பற்றிய கவலை. சூடான காற்று மேலே ஏறிக் கூரையடியில் தங்கும். கதவைச் சாத்திவைத்தாலும் அந்தக் காற்று அடுத்த அறைக்கும் அங்கிருந்து வெளியிலும் போக வழி விடுவது வென்டிலேட்டர்தான். ஜன்னலே இல்லாத எங்கள் நடு அறைக்குப் பகல் வெளிச்சம் வருவதும் அதன் வழியாகத்தான்.

நாங்கள் முதலில் எடுத்தது கூடத்துக்கும் நடு அறைக்கும் இடையே உள்ளதை. பெயின்டில் கை வைப்பதற்கு முன் ஒரு பரிசோதனை செய்தேன். ஈயம் இருந்தால் சிவக்கும் சோதனைக் குச்சியைக் கீறிய இடத்தில் தேய்த்தபோது, அடியிலிருந்த பச்சை அடுக்கு உடனே இளஞ்சிவப்பாக மாறியது. இது எதிர்பார்த்ததே. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எதையும் ஈயம் கலந்ததாகவே கருதிக்கொள்வது நல்லது. உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்ப்பதும் நெருப்பு காட்டி எரிப்பதும் கூடவே கூடாது. அந்தத் தூசியும் புகையும் முக்கியமாகக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வென்டிலேட்டரின் மரச் சட்டத்தைக் கழற்றியதும் பின்கட்டுக்குக் கொண்டுபோய், தரையில் பிளாஸ்டிக் விரித்து, முகமூடி அணிந்து, நனைத்து நனைத்தே சுரண்டினேன். சுரண்டிய கசடைப் பெருக்கவில்லை; ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பையில் கட்டி வைத்தேன்.

கண்ணாடியை உடையாமல் எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் பகுதி. கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பழைய பட்டி (புட்டி) கல்லாக இறுகியிருக்கும். உளியால் கொத்தினால் கண்ணாடி போய்விடும். ஆவி காட்டினால் பட்டியும் பெயின்டும் ஒருசேர இளகும், தூசியும் எழாது. எனவே பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, துணி ஸ்டீமரின் குழாயை அதற்குள் விட்டு, சட்டத்தை முழுதாக உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பட்டியைத் தகட்டால் நெம்பியபோது பட்டை பட்டையாக உரிந்து வந்தது. சட்டம் முழுவதும் ஒரே சீராகச் சூடேறியதால் கண்ணாடியில் விரிசல் விழவில்லை. இதற்குச் சமையலறைப் பாத்திரம் எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வென்டிலேட்டரிலும் நடுவே தெளிந்த கண்ணாடியும் இரு பக்கமும் நீலக் கண்ணாடித் துண்டுகளும் இருக்கின்றன. தெளிந்த கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் எதிரிலுள்ள தென்னை மரம் நெளிந்து தெரிகிறது. நெளிவில்லாத இன்றைய ஜன்னல் கண்ணாடியை உருகிய ஈயக் குழம்பின் மேல் மிதக்கவிட்டுச் செய்வதாகச் சிலர் சொல்வார்கள். உண்மையில் அது உருகிய வெள்ளீயம், அந்த முறை 1959-ல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கண்ணாடிகளில் இந்த நெளிவு இயல்பாகவே இருக்கும். காலப்போக்கில் கண்ணாடி கீழ்நோக்கி வழிந்ததால் வந்தது என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. கோபால்ட் சேர்த்துச் செய்த அந்த நீலத்தை இன்று கடையில் கிடைக்கும் நீலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஆழமே வேறு. இரண்டு துண்டுகளில் ஓரம் சற்று உடைந்திருந்தது. கண்ணாடி உட்காரும் பள்ளமான காடிக்குள் மறைந்துவிடும் என்பதால் அவற்றையே திரும்ப வைத்துவிட்டேன். புதிதாக வெட்ட நேர்ந்த ஒரே தெளிந்த கண்ணாடியை, காடியின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொன்னேன்.

சட்டம் தேக்கு. கீழ்ச் சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும், ஒரு கட்டையின் செதுக்கிய முனையான கழுந்து மற்றதன் துளைக்குள் நுழையும் இடத்தில் மரம் மக்கியிருந்தது. அல்சூரிலிருந்து வந்த ஆசாரி, மூட்டில் இருந்த மரமுளையைத் தட்டி எடுத்து, பசையே போடாத அந்த மூட்டை அப்படியே பிரித்துக் காட்டினார். நூறு ஆண்டுக்கு முந்தைய தச்சு வேலையை இப்படித் துண்டு துண்டாகக் கழற்றிச் சரிசெய்ய முடிவதுதான் அதைத் தூக்கி எறியக் கூடாது என்பதற்குப் பெரிய காரணம். மக்கிய பகுதியை மட்டும் சாய்வாக வெட்டி நீக்கி, இடிபட்ட வீடொன்றின் ஜன்னலிலிருந்து கிடைத்த பழைய தேக்குத் துண்டை, ரேகையின் ஓட்டம் பொருந்தும்படி ஒட்டு வைத்தார்.

பித்தளைச் சுழல்முளைகள் பெயின்டுக்குள் புதைந்திருந்தன. அதற்கென்றே ஒதுக்கிய தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி மெல்லிய சூட்டில் வைத்ததும் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. பிறகு நன்றாகக் கழுவிவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தேன். காணாமல் போன ஒரு கயிற்றுக் கொக்கிக்கு பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் சண்டே பஜாரில் ஜோடி கிடைத்தது.

சட்டத்துக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை மூடும் மெல்லிய மரப்பட்டைதான் பீடிங்; அதன் அமைப்பை நான் அதுவரை கூர்ந்து பார்த்ததே இல்லை. இந்தச் சட்டம் திறக்கும்போது மேல்பாதி உள்ளேயும் கீழ்ப்பாதி வெளியேயும் போகும்; அப்போதுதான் மழைநீர் வெளிப்பக்கம் வடியும். அதனால் பக்கவாட்டுப் பீடிங் முழு நீளமாக இருக்க முடியாது. சுழல்முளைக்கு நேரே இரண்டாக வெட்டியிருக்கும். "பாதி பீடிங் சட்டத்தோட போகணும், பாதி நிலையோட நிக்கணும் சார்" என்றார் ஆசாரி. வெளிப்புறத்தில் மேல்பாதி நிலையிலும் கீழ்ப்பாதி சட்டத்திலும் இருக்க, உட்புறத்தில் அது தலைகீழாக மாறுகிறது. முன்பு யாரோ பீடிங் துண்டுகள் எல்லாவற்றையும் நிலையிலேயே ஆணியடித்திருந்தார்கள். அது திறக்காமல் போனதற்குப் பெயின்ட் மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. முளையும் நட்டநடுவில் இல்லை, சற்று மேலே இருக்கிறது. கீழ்ப்பாதியின் எடை கூடுவதால், கயிற்றை விட்டால் சட்டம் தானாகவே மூடிக்கொள்கிறது.

பட்டிக்குச் சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்தேன். காடியில் முன்னதாகவே எண்ணெய் பூசி ஊறவிட வேண்டும். இல்லாவிட்டால் வறண்ட மரம் பட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிட, பட்டி வெடித்து உதிரும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, அவை தாமாகவே தீப்பற்றக்கூடியவை. தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள். பட்டியின் மேல் தோல் கட்டியபின், கண்ணாடி மேல் 2 மில்லிமீட்டர் ஏறும்படி பெயின்ட் பூசினேன். பட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஈரம் இறங்காமல் காப்பது அந்த மெல்லிய கோடுதான்.

இப்போது உள்சுவர்களிலுள்ள நான்கு வென்டிலேட்டர்கள் கயிறு இழுத்தால் திறக்கின்றன. நடு அறையில் மதிய வேளையில் தங்கும் புழுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஏசி இருந்த அறையின் பிளைவுட்டை எடுக்க வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். மிச்சமுள்ள மூன்றும் தெருப்பக்கச் சுவரில் மழை படும் இடத்தில் இருக்கின்றன. அக்டோபர் மழை ஓய்ந்து டிசம்பரில் காற்று உலர்ந்தால்தான் பட்டி ஒழுங்காகக் காயும் என்பதால், அதுவரை அவற்றின் அளவுகளை எடுத்து, ஒட்டு வைக்கத் தேக்குத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.