கண்டோலிமில் ஃபெனி அருங்காட்சியகம், சத்தரி மலையில் காய்ச்சும் கொட்டகை

கோவா போகிறவர்கள் கடற்கரை, பழைய தேவாலயம் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் இந்த முறை போனது முந்திரிப்பழத்துக்காக. பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இந்தப் பழத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, அதே சமயம் எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதும் இல்லை. கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வருவோம். சாலையோரம் கூறு வைத்து விற்பவர்கள் உண்டு, உப்பு தொட்டுச் சாப்பிடுகிற பிள்ளைகள் உண்டு, ஆனால் அதெல்லாம் விழுகிற பழத்தில் ஒரு துளி. ஒரு டன் கொட்டைக்கு எட்டிலிருந்து பத்து டன் வரை பழம் விழும் என்பது தோராயமான கணக்கு. மீதி எல்லாம் ஒரே நாளில் நொந்து, ஈ மொய்த்து, மண்ணோடு மண்ணாகப் போகிறது.

கோவாவில் அந்தப் பழத்தைப் பிழிந்து, புளிக்க வைத்து, வடித்து ஃபெனி செய்கிறார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் தெரிந்திருப்பதும், அதைச் செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதும் வேறு வேறு. கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. அவனுக்கு விருத்தாசலம் போகிற வழியில் முந்திரித் தோப்பு இருக்கிறது, ஆகவே அவன் பார்த்த பார்வையே வேறு.

முதலில் போனது கண்டோலிமில் இருக்கும் ‘ஆல் அபௌட் ஆல்கஹால்’ அருங்காட்சியகம். நந்தன் குட்சட்கர் என்ற பழம்பொருள் சேகரிப்பாளர் 2021-ல் திறந்தது. பெயரைப் பார்த்து ஏதோ மதுக்கடை விளம்பரம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி ஃபெனி செய்தவர்களும் விற்றவர்களும் கையாண்ட பாத்திரங்கள். புளிக்க வைக்கிற மண்பானைகள், அளந்து ஊற்றுகிற பழைய அளவைகள், சாராயத்தின் வீரியத்தைப் பார்க்கிற கருவிகள், அப்புறம் கர்ராஃபாவ் என்று சொல்கிற பெரிய வயிறு வைத்த கண்ணாடி ஜாடிகள். போர்த்துகீசியர் காலத்திலிருந்து கோவா வீடுகளில் ஃபெனியைச் சேமித்தது இந்த ஜாடிகளில்தான். சுற்றிக்காட்டுகிறவர் கூடவே வருகிறார். வெறுமனே பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டு நகர்கிற இடமாக இல்லாமல், கேள்வி கேட்டு, பதில் வாங்கி, கடைசியில் ருசி பார்த்து முடிக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த அளவைகள்தான். ஒவ்வொன்றும் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் தினமும் சாயங்காலம் அதைக் கையில் எடுத்திருக்கிறார், யாரோ ஒருவர் உழைத்துவிட்டு வந்து அதற்காகக் கை நீட்டியிருக்கிறார். ராஜா வைத்திருந்த வாளை எல்லா ஊரிலும் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். காய்ச்சுகிறவனின் பானைக்கும் அளக்கிறவனின் கிண்ணத்துக்கும் அந்த மரியாதையைக் கொடுத்த இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

முந்திரி மரம் கோவாவுக்குச் சொந்தமானதும் இல்லை, நமக்குச் சொந்தமானதும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம். மலைச்சரிவில் மண் அரிக்காமல் இருக்க நட்டார்கள் என்று சொல்வார்கள். அதற்கு முன்பே கோவாவில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிக்கிற பழக்கம் இருந்தது, அதுதான் தென்னை ஃபெனி, இன்றும் தெற்கு கோவாவில் கிடைக்கிறது. வெளியிலிருந்து வந்த மரத்தின் பழத்தில் கையிலிருந்த தொழிலைப் போட்டுப் பார்த்து, அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள் கோவாக்காரர்கள்.

ருசி பார்க்கிற இடத்தில் முதலில் மோந்து பார்க்கச் சொன்னார்கள். வாசனை கொஞ்சம் முரட்டு வாசனைதான், பழகாதவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கோ சித்திரை வெயிலில் தோப்புக்குள் நுழைந்தால் வருமே, நசுங்கின பழமும் காய்ந்த சருகும் கலந்த வாடை, அதுவே மூக்கில் ஏறியது. மைத்துனன் கண்ணாடிக் குவளையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

“மாமா, இது நம்ம தோப்பு வாசனை மாமா” என்றான்.

ஒரு வாய் எடுத்தால் முதலில் நாக்கில் சுள்ளென்று ஏறி, அப்புறம் பழத்தின் இனிப்பு மாதிரி ஒன்று பின்னாலேயே வருகிறது, சர்க்கரை துளியும் இல்லாத இனிப்பு. நான் எதிர்பார்த்த ஒன்று மட்டும் இல்லை: தொண்டையைப் பிடிக்கிற கரகரப்பு. முந்திரிப்பழத்தை நிறையப் பேர் ஒதுக்குவதற்குக் காரணமே அந்தத் துவர்ப்புதான். அது பழத்தில் இருக்கும் டானினால் வருவது. டானின் ஆவியாகாது, ஆகவே வடிக்கும்போது அது பானையிலேயே தங்கிவிடுகிறது, வாசனை மட்டும் மேலே ஏறி இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. பழத்தில் வேண்டாததைக் கீழே விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிற வேலை இது என்று அப்போதுதான் புரிந்தது. தென்னை ஃபெனியும் பக்கத்தில் வைத்து ருசித்தோம். அது மென்மை, பழகியவர்கள் விரும்புவார்கள் என்று தோன்றியது, எனக்கு முந்திரிதான்.

அருங்காட்சியகத்தோடு நின்றிருந்தால் பாதிதான் பார்த்ததாக ஆகியிருக்கும். ஏப்ரல் மாதம் என்பதால் காய்ச்சுகிற பருவம் உச்சத்தில் இருந்தது. மார்ச்சில் தொடங்கி மே வரைக்கும்தான் இந்த வேலை. சத்தரி தாலுகாவில், வால்போய் தாண்டி மலைப்பக்கம் ஒரு குடும்பம் நடத்துகிற கொட்டகைக்குத் தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போனார்.

அங்கே பழத்தைப் பறிப்பதே இல்லை. தானாகப் பழுத்து விழுந்ததை மட்டும்தான் பொறுக்குகிறார்கள். மரத்திலிருந்து பறித்தால் துவர்ப்பு அதிகம், சாற்றில் இனிப்பு போதாது. பொறுக்கி, கொட்டையைத் திருகித் தனியாகப் போட்டு, பழத்தைச் செம்புராங்கல்லில் தொட்டி மாதிரி வெட்டின குழியில் கொட்டி மிதிக்கிறார்கள். அதற்குக் கொள்ம்பி என்று பெயர். இப்போது நிறைய இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது, இங்கே இன்னும் கால்தான். மிதித்துச் சாறு ஓடிய பிறகு மிச்சமிருக்கிற சக்கையைக் குவித்து, கொடியால் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே பாறாங்கல்லை ஏற்றி வைத்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்குவது நீரோ. தெளிவாக, மிதிக்கிற சாற்றை விட இனிப்பாக இருக்கும். விடியற்காலையில் குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும். அதில் போதை கிடையாது, பிள்ளைகளும் குடிக்கிறார்கள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். நம் முந்திரிப்பழத்தில் இப்படி ஒரு ருசி இருக்கிறது என்று இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது.

மிதித்த சாற்றை மூன்று நாள் போலப் புளிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை, சர்க்கரை போடுவதில்லை, தண்ணீரும் சேர்ப்பதில்லை. காற்றிலும் பழத்தோலிலும் இருக்கிற நுண்ணுயிரே வேலையை முடித்துவிடுகிறது. அப்புறம் செம்புப் பானையில் ஊற்றி, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, விறகு வைத்துக் காய்ச்சுகிறார்கள். ஆவி குழாய் வழியாகத் தண்ணீரில் மூழ்கியிருக்கும் பாத்திரத்துக்குள் போய்க் குளிர்ந்து இறங்குகிறது. முதல் வடியின் பெயர் உர்ராக், ஆல்கஹால் 15 சதவீதம் போல இருக்கும். அதைப் புளித்த சாற்றோடு கலந்து இன்னொரு முறை வடித்தால் ஃபெனி, 42 சதவீதத்தைத் தொடும். வீரியத்துக்குப் பழைய போர்த்துகீசியக் கணக்கான கிராவைத்தான் இன்னும் சொல்கிறார்கள். ஃபெனி என்றால் 19, 20 கிராவ்.

வீரியம் பார்க்கிற கருவி கையில் இருந்தும், காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, வாயைக் கட்டை விரலால் மூடிக் குலுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே எழும்பின குமிழிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன, எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதை வைத்தே சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு கருவியைப் போட்டுக் காட்டினார். சரியாக இருந்தது. நெருப்பு கொஞ்சம் ஏறினால் ஒரு விறகை இழுத்துவிடுவார், இறங்கினால் தள்ளுவார், பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும். தீ மிஞ்சினால் அடிப்பிடித்த வாடை வந்துவிடும், மொத்தமும் வீண்.

உர்ராக்கை மட்டும் அங்கே எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அது வைத்திருந்து குடிக்கிற சரக்கு இல்லை, பருவத்தோடு முடிந்துவிடும். லிம்கா ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, உப்பு போட்டு, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுக் கொடுக்கிறார்கள். வெயிலுக்கு அருமை.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஃபெனியை நம் சட்டங்கள் வெகு காலம் நாட்டுச் சாராயம் என்ற பட்டியலில் வைத்திருந்தன. ஆகவே கோவாவுக்கு வெளியே முறையாக விற்க வழியில்லாமல் இருந்தது. நம் ஊர் டாஸ்மாக்கில் விற்கிற பிராந்தியில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தில் வாசனையும் நிறமும் சேர்த்தவை. அதற்குப் பெயர் அயல்நாட்டு மது வகை, கௌரவமான அலமாரி. பழத்தைத் தவிர வேறெதுவும் சேராமல் செம்புப் பானையில் வடித்ததற்கு நாட்டுச் சாராயம் என்ற முத்திரை. 2009-ல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 2016-ல் கோவா அரசு அதைப் பாரம்பரிய மதுவாக அறிவித்தது, 2021-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தார்கள். தாமதம்தான், ஆனாலும் வந்தது. காய்ச்சுகிறவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. முந்திரி மலைகளை எக்சைஸ் துறை பகுதி பகுதியாக ஏலம் விடுகிறது, எடுத்தவர்கள் உரிமத்தோடு வேலை செய்கிறார்கள்.

கள்ளச்சாராயம் பற்றிப் பேசாமல் இதை எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கள்ளக்குறிச்சி எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். 2024 ஜூனில் அங்கே மெத்தனால் கலந்ததைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அது எந்தப் பழத்திலிருந்தும் வந்ததில்லை, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனம். மதுவை யாரும் குடித்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, குடியால் அழிந்த வீடுகளை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் யார் செய்தது, எதிலிருந்து செய்தது, எந்தப் பானையில் வடித்தது என்று முகம் தெரிகிற பொருளையும், முகமே தெரியாத விஷத்தையும் ஒரே பெயரில் கூப்பிடுவது நியாயமாகப் படவில்லை.

திரும்பி வரும்போது மைத்துனன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியைச் சாய்த்துப் போட்டதில் அவன் அப்பாவின் தோப்பும் போனது. மறுபடி ஒட்டுக்கன்று வைத்து, காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போதும் கொட்டை விலை இறங்கினால் அந்த வருஷமே படுத்துவிடும், தாங்கிப் பிடிக்க வேறு வரும்படி இல்லை. கோவாக்காரருக்குக் கொட்டையும் காசு, பழமும் காசு. “சாராயம் வேணாம் மாமா, நம்ம ஊர்ல அது நடக்காது. அந்த நீரோ இருக்கே, அதையாவது விடியக்காலையில விக்க முடியாதா?” என்று கேட்டான். பழம் ஒரு நாளுக்கு மேல் தாங்காது, அதுதான் பெரிய தடை. ஆனால் தோப்புக்குப் பக்கத்திலேயே பிழிந்து, அன்றைக்கே நெடுஞ்சாலையில் விற்றால்? நுங்கும் பதநீரும் அப்படித்தானே விற்கிறது. சாற்றில் துவர்ப்பை எடுக்கக் கஞ்சித்தண்ணீர் ஊற்றித் தெளிய வைக்கிற வழி கேரளத்தில் இருக்கிறது, ஜாமும் ஊறுகாயும் செய்கிறார்கள். ஆரஞ்சை விடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிற பழம் இது.

போக நினைப்பவர்கள் ஏப்ரலிலோ மே முதல் பாதியிலோ போங்கள். முதலில் கண்டோலிம், அப்புறம் மலை, இந்த வரிசையில் போனால் பாத்திரங்களின் பெயர் தெரிந்த கண்ணோடு கொட்டகையைப் பார்க்கலாம். ருசி பார்க்கப் போகிற நாளில் வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். குடிக்காதவர்கள் நீரோவுக்காக மட்டுமே போகலாம், காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

பண்ருட்டி, விருத்தாசலம், ஜெயங்கொண்டம் பக்கம் யாராவது முந்திரிப்பழச் சாறோ ஜாமோ செய்து விற்றுக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அடுத்த பருவத்துக்கு மைத்துனனைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன்.