மேட்ச் வாரமும் அதுக்கு அப்புறமும்

மார்ச் 5, 2025

அமெரிக்காவுல ரெசிடென்சி சீட், அதாவது எம்பிபிஎஸ்ஸுக்கு அப்புறமான ஸ்பெஷாலிட்டி ட்ரெய்னிங், மேட்ச்ங்கிற முறையிலதான் கிடைக்கும். அதுக்கான என் ரேங்க் லிஸ்ட்டை, எந்தெந்த எடம் வேணும்ங்கிற வரிசையை, சர்டிஃபை பண்ணியாச்சு. ராத்திரி 9 மணி வரைக்கும் டைம் இருக்கு, ஆனா மத்தியானமே முடிச்சுட்டேன், திறந்து வச்சா கை சும்மா இருக்காது. மதுரையிலேர்ந்து பெரியப்பா போன் பண்ணி, "பெரிய எடத்தை மேல போடாதம்மா, கெடைக்கிற எடத்தை மொதல்ல போடு"ன்னார். அவருக்கு நீட் பிஜி கவுன்சிலிங் ஞாபகம். அங்க நம்ம ரேங்க் கையில இருக்கும், போன வருஷம் எந்த சீட் எந்த ரேங்க்ல மூடுச்சுன்னு பாத்து கணக்குப் போடலாம். இங்க நான் ஆஸ்பத்திரிங்களோட ட்ரெய்னிங் ப்ரோக்ராம்களை வரிசைப்படுத்துறேன், அவங்க எங்களை வரிசைப்படுத்துறாங்க, யார் லிஸ்ட்டும் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் என் லிஸ்ட்டை மேலேர்ந்து பாக்கும், முதல் எடத்துல அவங்க என்னையும் ரேங்க் பண்ணியிருந்து, சீட் காலியா இருந்தாலோ இல்ல அவங்க எனக்குக் கீழ ரேங்க் பண்ண ஆள் உக்காந்திருந்தாலோ எனக்குத் தற்காலிகமா குடுக்கும், எழுந்தவர் தன்னோட லிஸ்ட்ல அடுத்ததுக்குப் போவார், எல்லார் லிஸ்ட்டும் ஓடி முடியிற வரைக்கும் எதுவும் உறுதி இல்ல. அதனால பெரிய எடத்தை மேல போட்டா கீழ இருக்கிறது கைவிட்டுப் போகாது. 1998லேர்ந்து இந்த முறைதான், இதை வடிவமைச்ச ஆல்வின் ராத்துக்கு 2012ல பொருளாதார நோபல் கிடைச்சுது. பெரியப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "நோபல்னா சரியாத்தான் இருக்கும், இருந்தாலும்..."னார்.

மார்ச் 17

காலை 10 மணி. மேட்ச் ஆகல. ஒரே வரி, காரணம் கிடையாது.

அழக்கூட நேரமில்ல, உடனே சோப், மேட்ச் ஆகாதவங்க நிரம்பாத சீட்டுங்களுக்கு அப்ளை பண்ற அவசரச் சுற்று. நிரம்பாத சீட்டுங்க லிஸ்ட் வந்துடுச்சு, மொத்தம் 45 எடத்துக்குத்தான் அப்ளை பண்ணலாம். ப்ரிலிம் சர்ஜரி நிறைய கிடக்கு, ஆனா அது ஒரு வருஷம்தான், அதுக்கப்புறம் திரும்ப நடுத்தெரு. நான் எழுதி வச்சது முழுக்க இன்டர்னல் மெடிசினுக்கு, இப்ப ஃபேமிலி மெடிசினுக்குன்னு புதுசா ஒரு ஸ்டேட்மென்ட். விசா குடுக்காத எடமெல்லாம் அடிச்சுட்டுப் பாத்தா லிஸ்ட் சுருங்கிப் போச்சு. இவர் ஆபீஸ் மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து ப்ரோக்ராம் பேரைப் படிச்சார், நான் டிக் பண்ணேன்.

மார்ச் 20

சோப்ல நாமளா யாருக்கும் போன் பண்ணக்கூடாது, மெயில் போடக்கூடாது, தெரிஞ்சவங்களை விட்டும் பேசக்கூடாது. அவங்க கூப்பிட்டாத்தான் பேசணும். செவ்வாய்க்கெழமையிலேர்ந்து போனை பாத்ரூமுக்குக்கூட எடுத்துட்டுப் போறேன். தெரியாத நம்பர்னு பதறி எடுத்தா கார் வாரண்டி முடியப் போகுதாம். என் பேர்ல கார்கூட கிடையாது.

இன்னிக்கு 9 மணிக்கு முதல் ரவுண்டு. மொத்தம் நாலு, ஆஃபர் வந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு எதுவும் வரல. மூணாவது ரவுண்டுக்கப்புறம் ரிஃப்ரெஷ் பண்றதை விட்டுட்டு பாத்திரம் தேய்ச்சேன்.

மார்ச் 21

மத்தியானம் 12 மணிக்கு மேட்ச் ஆனவங்க எல்லாருக்கும் எந்த ஊர்னு தெரிஞ்சுடுச்சு. காலேஜ் க்ரூப்ல முதல் வாழ்த்து நான்தான் போட்டேன், உடனே க்ரூப்பை மியூட்டும் பண்ணிட்டேன். ரெண்டுமே மனசாரப் பண்ணதுதான்.

சித்தி, "எங்கம்மா தப்பாச்சு?"ன்னு கேட்டாங்க. என்னை மாதிரி வெளிநாட்டுல படிச்ச, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத டாக்டருங்கள்ல இந்த வருஷம் மேட்ச் ஆனது 58 சதவீதம், இங்கயே எம்டி (நம்ம எம்பிபிஎஸ் மாதிரி இங்க முதல் டாக்டர் பட்டம்) படிச்சு முடிக்கிறவங்கள்ல 93.5. மிச்சம் 42 சதவீதத்துல நான் ஒருத்தி, அவ்வளவுதான் சித்தி. இன்டர்வியூல அப்படிச் சொல்லியிருக்கலாமோ இப்படிச் சொல்லியிருக்கலாமோன்னு ராத்திரி முழுக்க நானே காரணம் தயார் பண்றேன், அதுல ஒண்ணுக்குக்கூட ஆதாரம் கிடையாது.

ஏப்ரல் 6

இன்டர்வியூ பண்ண ப்ரோக்ராம்களுக்கெல்லாம் எதுல குறைன்னு கேட்டு மெயில் போட்டேன். ஒரே ஒரு கோஆர்டினேட்டர் பதில் போட்டாங்க, தனித்தனியா கருத்து சொல்றது எங்க வழக்கம் இல்லன்னு. அந்த பதிலாவது வந்துச்சே.

எம்பிபிஎஸ் முடிச்ச வருஷத்தை இனி மாத்த முடியாது, எத்தனையோ எடத்துல அதைப் பாத்தே கழிச்சுடுவாங்க. மாத்த முடிஞ்சது ஸ்டெப் 3, அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையோட கடைசிப் பகுதி, அது இருந்தா ஹெச்1பி வேலை விசா குடுக்கிற எடங்களும் திறக்கும். சிபாரிசு லெட்டரெல்லாம் பழசு, புது ஆப்சர்வர்ஷிப் (ஆஸ்பத்திரியில டாக்டர் கூட இருந்து பாக்கிறது) பிடிச்சு அங்கேர்ந்து வாங்கணும். அப்ளை பண்ணும்போது இந்த எடத்துல எனக்குத் தனி ஆர்வம்னு காட்டுறதுக்கு சிக்னல்னு ஒண்ணு உண்டு, இன்டர்னல் மெடிசினுக்கு 15, 3 கோல்ட், 12 சில்வர், அதை இந்த தடவை பேர் பெருசா இருக்கிற எடத்துல வீணாக்கப் போறதில்ல. (ரேங்க் லிஸ்ட் வேற, சிக்னல் வேற. பெரியப்பா சொன்னது இதுக்குப் பொருந்தும், அவர்கிட்ட சொல்ல மாட்டேன்.) காசுதான் இடிக்குது: போன சீசன் ரேட்டுல அப்ளை பண்ண முதல் 30 எடத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 11 டாலர், அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 30, நூறு எடம் போட்டா 2,430.

மேட்ச் ஆகாத இன்னொரு ஃப்ரெண்டோட ஞாயித்துக்கிழமை போன்ல பேசுறோம். முதல் அரை மணி நேரம் மேட்ச் பேச்சு எடுக்கக்கூடாதுன்னு அவ கண்டிஷன். முதல் வாரம் அஞ்சு நிமிஷம்கூட தாங்கல, இன்னிக்கு வடு மாங்காவைப் பத்தியே பேசி நேரம் போயிடுச்சு.

ஏப்ரல் 19

ஸ்டெப் 3க்கு தேதி எடுத்தாச்சு. இன்னும் ஒரே ஒரு சீசன், அதுக்கு மேல வேண்டாம்னு ராத்திரி பேசி முடிவு பண்ணோம். இவருக்குச் சம்மதம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.